கான்பூர் சிந்தெடிக் சேண செட்: வடசென்னை உப்புக்காற்றில் மட்டக்குதிரைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் செட்டில் வருகிற கச்சை (வயிற்றுக்கு அடியில் கட்டுகிற பட்டை), வாய் இரும்பு, அங்கவடி (கால் வைக்கிற வளையம்) மூன்றையும் மாற்றுவதற்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். சேணத்தின் உடல் நன்றாக இருக்கிறது, கூட வருகிற சாமான்தான் கடலோரத்துக்கு ஆகவில்லை. திருவொற்றியூர், எர்ணாவூர், மணலி, மாதவரம் பக்கம் வீட்டோடு ஒன்றிரண்டு மட்டக்குதிரை வளர்த்து, பிள்ளைகளைச் சவாரி பழக்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். கல்யாண ஊர்வலக் குதிரைக்கும் ரேஸ் குதிரைக்கும் வேறு கணக்கு.

பொருள் இதுதான்: கான்பூர் பட்டறைகளில் தைத்து, இணையக் கடைகளில் 'போனி சேடில் செட்' என்று விற்கிற சிந்தெடிக் சேணம். ஒரே மாதிரி செட் பல பெயர்களில் வருகிறது. கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர். தையலைப் பார்த்தால் தெரியும்: பிள்ளையின் காலுக்கு அடியில் தொங்குகிற மடலின் ஓரத்தில் இரட்டைத் தையல் நேராக ஓடுகிறது, முனைகளில் நூல் தொங்குவதில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற சிந்தெடிக் சேணங்களோடு ஒப்பிட்டால் விலை மிகவும் குறைவு. எடையும் லேசு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு கையில் தூக்கிக் குதிரை முதுகில் வைக்கலாம்.

தோல் சேணம் ஏன் வேண்டாம் என்று கேட்பவர்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதை மூடிய அறையில் வைத்துப் பார்த்தால் போதும். ஒரு வாரத்தில் பச்சைப் பூஞ்சணம் பூத்துவிடும். கிளிசரின் சோப்பு போட்டுத் துடைத்து, எண்ணெய் காட்டி, மறுபடி துடைத்து என்று மழைக்காலம் முழுக்க அதே வேலை. அந்த உழைப்பு தருகிறவர்களுக்குத் தோல் சேணம் பல தலைமுறை உழைக்கும், அதில் சந்தேகமில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது நடக்காது. சிந்தெடிக்கை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் வேலை முடிந்தது.

இனி, வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய பெரிய விஷயம்: ட்ரீ. சேணத்துக்கு உள்ளே இருக்கிற கடினமான சட்டத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஏற்றுமதிக்குத் தைக்கிற பட்டறை என்பதால் 'மீடியம்' என்று போட்டிருக்கிற அளவு, முதுகு அகன்ற, தோள்மேடு தாழ்ந்த ஐரோப்பிய மட்டக்குதிரைக்குச் சரியாக வரும். தோள்மேடு என்பது பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் எழும்பி நிற்கிற எலும்பு. நம் பக்கம் கிடைக்கிற மட்டங்கள் பெரும்பாலும் நாட்டுக் கலப்பு. காது நுனிகள் உள்பக்கமாக வளைந்திருந்தால் மார்வாரி, கத்தியவாரி என்கிற வடநாட்டுக் குதிரை இனங்களில் ஒன்று ரத்தத்தில் இருக்கிறது. இவற்றுக்கு மார்பு ஒடுக்கம், தோள்மேடு கூர்மை. அகலமான சட்டத்தை அதன்மேல் வைத்தால் முன்பக்கம் கீழே இறங்கி, சேணத்தின் வளைவு நேராக எலும்பின்மேல் உட்கார்ந்துவிடும். வெறும் சேணமாக வைக்கும்போது சின்ன இடைவெளி தெரியும். பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் அதுவும் போய்விடும்.

எனவே ஆர்டர் போடுவதற்கு முன்னால் குதிரையை அளந்துகொள்ளுங்கள். வீட்டு வயரிங் வேலையில் மிஞ்சிய தடித்த செம்புக் கம்பி ஒரு முழம் போதும். குதிரையைச் சமதரையில், நாலு காலும் சதுரமாக ஊன்ற நிறுத்துங்கள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பை விரலால் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு மூன்று விரல் பின்னால் கம்பியை முதுகின்மேல் குறுக்காகப் போட்டு, இரண்டு பக்கமும் தோலோடு ஒட்டும்படி அழுத்தி வளையுங்கள். வளைவு கலையாமல் எடுத்து ஒரு அட்டையில் வரைந்து வெட்டினால் உங்கள் குதிரையின் அச்சு கையில் இருக்கும். அதைப் படம் பிடித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இந்த அச்சுக்கு நேரோ (ஒடுக்கமான அளவு) வருமா, மீடியம் வருமா' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள். 'எல்லாக் குதிரைக்கும் வரும்' என்கிற பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

இருக்கையின் நீளம் அடுத்தது. இருக்கைக்கு முன்னால் உயர்ந்திருக்கிற முன்மேட்டின் பக்கவாட்டில் இருக்கிற பித்தளைக் குமிழிலிருந்து, பின்னால் உயர்ந்திருக்கிற பின்மேட்டின் நடு விளிம்பு வரைக்கும் அளப்பதுதான் சேணத்தின் சைஸ். 14 அங்குலம் சின்னப் பிள்ளைக்கு, 15 அங்குலம் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் முடிவு செய்வது குதிரையின் முதுகுதான். கடைசி விலா எலும்பை விரலால் தொட்டு, அது முதுகெலும்பில் சேருகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சேணத்தின் அடித் திண்டு, அதாவது குதிரையின் முதுகில் படிகிற மெத்தை, அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எடை இடுப்பில் விழும். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்பதற்காகக் குட்டையான முதுகில் 16 அங்குலச் சேணத்தைப் போடுவது குதிரைக்குச் செய்கிற துரோகம்.

எடைக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். தையல்காரர் டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் ஏறக்குறைய எடை வரும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் 265 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 53 கிலோதான் மேல்வரம்பு. இதில் சேணம், விரிப்பு, பிள்ளையின் ஹெல்மெட், ஷூ எல்லாம் அடக்கம். மெலிந்த குதிரைக்கும் வயதான குதிரைக்கும் இதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்பா ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கிறேன் என்று ஏறுகிற வேலையே வேண்டாம்.

சேணம் வந்ததும் தடித்த விரிப்பு எதுவும் இல்லாமல், மெல்லிய வேட்டி மட்டும் போட்டு முதுகில் வையுங்கள். கொஞ்சம் முன்னால் வைத்து, மயிர் படிகிற திசையில் பின்னால் இழுத்தால் தானாக ஒரு இடத்தில் நிற்கும். அதுதான் அதன் இடம். தோள்மேட்டுக்கும் சேண வளைவுக்கும் இடையே, பிள்ளை உட்கார்ந்த பிறகும், இரண்டு விரலாவது நுழைய வேண்டும். நடுவில் முதுகெலும்பின்மேல் ஓடுகிற வாய்க்கால் முழு நீளத்துக்கும் வெளிச்சம் தெரிய வேண்டும். பிறகு உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, அடித் திண்டுக்கும் முதுகுக்கும் நடுவே முன்னிருந்து பின்வரை நகர்த்திப் பாருங்கள். ஒரே அழுத்தமாக இருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் அழுத்தி நடுவில் கை சும்மா போனால் எடை நாலு இடத்தில் மட்டும் விழுகிறது என்று அர்த்தம்.

இந்தச் செட்டில் அடித் திண்டுக்குள் இருப்பது ஃபோம், கம்பளி நார் இல்லை. கம்பளி என்றால் குறைகிற இடத்தில் அடைத்துச் சரிசெய்யலாம். ஃபோம் அமுங்கினால் அமுங்கியதுதான். நம் வெயிலில், அதுவும் தகரக் கொட்டகையில் வைத்தால், சீக்கிரம் இறுகும். கட்டைவிரலால் அழுத்தினால் உடனே எழும்பி வருகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து வாருங்கள். விலை குறைந்ததற்கு முக்கியக் காரணம் இந்த ஃபோம்தான் என்பது எங்கள் கணிப்பு.

சவாரி முடிந்து விரிப்பை எடுக்கும்போது முதுகைப் பாருங்கள். வியர்வை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருக்க வேண்டும். சுற்றிலும் நனைந்து, நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் மட்டும் காய்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கே அழுத்தம் அதிகம், வியர்வைச் சுரப்பியே அடைபட்டிருக்கிறது. அதே இடத்தில் சில மாதத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். அதற்கு முன்னாலேயே குதிரை சொல்லிவிடும்: சேணத்தைக் கொண்டுபோகும்போதே காதைப் பின்னால் மடிக்கும், கச்சை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வரும், முதுகை விரலால் அழுத்தினால் கீழே பள்ளமாக்கும். இதைத் திமிர் என்று சொல்லிக் குச்சியை எடுப்பவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வேறு வழி கிடையாது. புண்ணே வந்துவிட்டால் அது முழுக்க ஆறி மயிர் முளைக்கும்வரை சேணம் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். தோள்மேட்டில் வீக்கமோ சீழோ கண்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள். 1903இல் தொடங்கிய கல்லூரி அது, பெரிய கால்நடைகளுக்கும் மருத்துவம் பார்க்கிறார்கள்.

அடுத்து இரும்பு. கடலோரத்தில் இந்தச் செட்டின் பலவீனம் முழுவதும் இதில் இருக்கிறது. பக்கிள், வளையம், அங்கவடி எல்லாம் நிக்கல் முலாம் பூசிய இரும்பு. எண்ணூர்க் காற்றில் முலாம் கொப்பளித்து உரிந்து துரு ஏறும். பக்கிளில் ஏறினால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம். உயிருக்கு ஆபத்தானது சேணத்தின் பக்கவாட்டில், மடலுக்கு அடியில் இருக்கிற அங்கவடிக் கொக்கி. மடலைத் தூக்கிப் பாருங்கள்: அங்கவடி வார் மாட்டுகிற இரும்புப் பட்டை பின்பக்கம் திறந்திருக்கும், அதன் நுனியில் மேலும் கீழும் மடங்குகிற ஒரு சின்ன நாக்கு இருக்கும். பிள்ளை விழுந்து கால் அங்கவடியில் சிக்கிக்கொண்டால் வார் பின்னால் சரிந்து கழன்று வர வேண்டும். அதற்குத்தான் அந்த வழி. நாக்கு மேலே மடங்கிய நிலையில் துருப்பிடித்து இறுகிவிட்டால் வார் கழலாது, குதிரை பிள்ளையை இழுத்துக்கொண்டே ஓடும். சவாரியின்போது நாக்கு எப்போதும் கீழே, திறந்த நிலையில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மேலும் கீழும் ஆட்டுங்கள். வாங்கிய அன்றே நாக்கு விரலுக்கு அசையவில்லை என்றால் சேணத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அங்கவடியின் அகலம் ஷூவின் அகலத்தைவிட 1 அங்குலம், பக்கத்துக்கு அரை அங்குலம், கூடுதலாக இருக்க வேண்டும். செட்டில் வருவது 4.5 அங்குலம். பெரிய பிள்ளைக்குச் சரி, ஏழெட்டு வயதுக் காலுக்கு முழுப் பாதமும் உள்ளே போய்விடும். ஒரு பக்கம் ரப்பர் வளையம் மாட்டிய பாதுகாப்பு அங்கவடியை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். ரப்பர் இருக்கிற பக்கம் வெளிப்புறம் வர வேண்டும். உப்பும் வெயிலும் பட்டு ரப்பர் வெடிக்கும், எனவே ஜோடி ரப்பர் கூடுதலாக வாங்கி வையுங்கள். செருப்போடு, வெறுங்காலோடு, தட்டையான கேன்வாஸ் ஷூவோடு ஏற்றாதீர்கள். சின்னக் குதிகால் வைத்த கறுப்புப் பள்ளி ஷூ போதும்.

அங்கவடி வார் நைலான் பட்டையை உள்ளே வைத்துத் தைத்தது, நீளாது, நல்ல வார். கடைசி ஓட்டைக்கு இழுத்தும் சின்னப் பிள்ளைக்கு நீளமாக இருந்தால் பலர் வாரை அங்கவடியில் சுற்றிக் கட்டுகிறார்கள். அந்த முடிச்சு முழங்காலுக்குக் கீழே உறுத்தும், அங்கவடியும் கோணலாகத் தொங்கும். பெரியமேட்டில் தோல் சாமான் தைப்பவரிடம் கொடுத்து 2.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டை போடுங்கள். இரண்டு வாரிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். நைலான் ஓட்டையின் விளிம்பைச் சூடான ஆணியால் தொட்டு உருக்கிவிட்டால்தான் நார் பிரியாது.

கச்சைக்கு வருவோம். செட்டில் இருப்பது நியோப்ரீன் என்கிற ரப்பர் ரகம், நீளமும் பெரிய குதிரைக்கானது. மட்டத்துக்குப் போட்டால் இரண்டு பக்கமும் கடைசி ஓட்டை வரை இழுத்தும் தொளதொளக்கும். அதைவிடப் பெரிய குறை சூடு. நியோப்ரீனுக்கு அடியில் வியர்வை ஆவியாக வழியில்லை. தோல் ஊறி, அதன்மேல் கடற்கரை மணல் சேர்ந்தால் முழங்கைக்குப் பின்னால் ஒரே காலையில் புண் வந்துவிடும். பருத்திக் கயிற்றால் பின்னிய கச்சை கான்பூர்க் கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு வாங்குங்கள், ஒன்று துவைத்துக் காயும்போது ஒன்று போடலாம். நீளம் பார்க்க, சேணத்தை வைத்து, ஒரு பக்கத்துக் கச்சை வாரின் மூன்றாவது ஓட்டையிலிருந்து வயிற்றுக்கு அடியில் மறுபக்கத்து மூன்றாவது ஓட்டை வரை டேப் பிடியுங்கள். பின்னால் இறுக்கவும் தளர்த்தவும் இரண்டு பக்கமும் ஓட்டை மிச்சம் இருக்கும்.

கச்சை வார்கள் பக்கத்துக்கு மூன்று இருக்கும். முதல் வார் தனிப் பட்டையில் தைத்தது, இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே பட்டையில். எனவே முதலாவதையும் மூன்றாவதையும் மாட்டுங்கள், அல்லது முதலாவதையும் இரண்டாவதையும். பின்னிரண்டை மட்டும் மாட்டினால் அந்த ஒரு பட்டை அறுந்தாலே சேணம் போய்விடும். கட்டும்போது ஒரேயடியாக இறுக்கக் கூடாது. மட்டக்குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக் காட்டும். முதலில் சேணம் நழுவாத அளவுக்கு, ஐந்து நிமிடம் நடத்தியபின் ஒரு ஓட்டை, ஏறியபின் இன்னொன்று. ஏறுவதற்கு முன்னால் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் தூக்கி நீட்டிவிட்டால் கச்சைக்கு அடியில் மடிந்த தோல் நேராகும். ஏறுவது திண்ணையிலிருந்தோ உறுதியான படியிலிருந்தோ இருக்கட்டும். தரையிலிருந்து எம்பி ஏறினால் ட்ரீ ஒரு பக்கமாக முறுக்கும், குதிரையின் தோள்மேட்டிலும் இழுவை விழும்.

வாய் இரும்பு 5 அங்குலத்தில் வருகிறது. பல மட்டங்களுக்கு 4.5 போதும். ஒரு கயிற்றை வாயின் குறுக்கே, இரும்பு உட்காருகிற இடத்தில் பிடித்து, இரண்டு உதட்டோரத்திலும் முடிச்சுப் போட்டு அளந்து, பக்கத்துக்குக் கால் அங்குலம் கூட்டுங்கள். நிக்கல் உரிந்த இரும்பை வாயில் வைக்கவே கூடாது, உரிந்த விளிம்பு நாக்கைக் கிழிக்கும். ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். தலைக்கட்டும் லகானும் பரவாயில்லை. கடிவாள வளையம், பக்கிள் மாற்ற வேண்டுமென்றால் காசிமேட்டுப் போட் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைத்தால் அதுவே கடல் காற்றுக்கு ஏற்றது.

செட்டில் வருகிற பாலியெஸ்டர் விரிப்பை மழைநாள் போர்வையாக வைத்துக்கொண்டு, தடிமனான பருத்தி விரிப்பு ஒன்று வாங்குங்கள். ஜமக்காளத்தை மடித்துப் போடாதீர்கள், மடிப்பின் விளிம்பு முதுகை அழுத்தும். நம் ஊரில் விரிப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்க முடியாது. குதிரைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத சதவீதத்தைக் கூட்டினால் 150ஐத் தாண்டும்போது கவனம் தேவை, 180ஐத் தாண்டினால் சவாரி வேண்டாம். காலை ஐந்து மணிக்கு 82 டிகிரி, ஈரப்பதம் 85 என்றாலே 167 ஆகிவிடும். அதனால் கோடையில் விடியற்காலை அரை மணி நேர நடை, கொஞ்சம் டிராட் (மெல்லோட்டம்), அதோடு சரி. நிழலில் நின்றும் மூச்சு வாங்கி, உடம்பில் வியர்வையே காணோம் என்றால் அது ஆபத்து. ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கடற்கரையில் இந்தச் சேணம் நன்றாகவே உட்காருகிறது. இருக்கை வெல்வெட் போன்ற மேல்பரப்பு என்பதால் பிள்ளை வழுக்குவதில்லை, முழங்கால் திண்டும் அளவாக இருக்கிறது. வயிறு பெருத்த மட்டமாக இருந்தால் இறக்கத்தில் சேணம் முன்னால் நகரும், அதைத் தடுக்க வாலுக்கு அடியில் சுற்றிப் போகிற வாலடி வார் மாட்ட பின்மேட்டில் வளையம் இல்லாதது ஒரு குறை. அலை நனைத்து இறுகிய மணலில் ஓட்டுங்கள், காய்ந்த ஆழ்மணல் காலின் தசைநாரை இழுத்துவிடும். திருவொற்றியூர்ப் பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறைகளுக்கு அருகே குளம்பு சிக்கும், தள்ளியே இருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஏர் ஹாரன் அடிக்கிற நேரத்தில் சாலையைக் கடக்கப் பிள்ளையை மேலே உட்கார வைக்காதீர்கள். இறக்கி, கையில் பிடித்துக் கடங்கள்.

வீடு வந்ததும் கழுவுகிற தண்ணீரைக் கவனியுங்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் உப்பின்மேல் உப்பு. மெட்ரோ தண்ணீர் அரை வாளி எடுத்து பக்கிள், கொக்கி, அங்கவடி, கச்சை முனைகளை முதலில் அலசி, துணியால் ஈரம் ஒற்றி எடுத்து, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் சிந்தெடிக் மேல்பரப்பு வெளுத்து வெடிக்கும். சேணத்தைத் தரையில் வைக்காமல் ஒரு மரக்கட்டையின்மேல் குதிரை முதுகில் இருப்பதுபோல வையுங்கள்.

வாங்கும்போது ஒரு யோசனை. திருப்பி எடுப்பதற்கு எத்தனை நாள் அவகாசம் என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். பொருத்திப் பார்க்கும்போது துவைத்த மெல்லிய வேட்டியைக் குதிரை முதுகில் விரித்து அதன்மேல் சேணத்தை வையுங்கள். மயிரும் வியர்வையும் ஒட்டிய சேணத்தைக் கடைக்காரர்கள் திருப்பி எடுப்பதில்லை. பெட்டியைத் திறப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள், அதில் ட்ரீ அளவு அச்சிட்ட சீட்டு, இரண்டு அங்கவடிக் கொக்கிகளின் நாக்கு, ஆறு கச்சை வார்களின் தையல் இவை தெளிவாகத் தெரியட்டும்.